டீக்கடை பெஞ்சும் பூட்டு போட்ட செய்தியும்: மாதம் 300 ரூபாயை எங்கே கட்டுவது?

எங்கள் வீட்டு வரவு செலவு டைரியில் பால், கேஸ், கரண்ட் பில் என்று போகும் பட்டியலில் ‘செய்தி’ என்று ஒரு வரி உண்டு. மாதம் 300 ரூபாய், வருஷத்துக்கு 3,600. சில வருஷம் முன்புவரை அந்த வரியைப் பற்றி யோசிக்க எதுவும் இருந்ததில்லை. மாதம் பிறந்து நாலைந்து நாளில் பேப்பர் போடும் பையன் ரசீதோடு வாசலில் வந்து நிற்பான், கொடுத்துவிடுவோம். இப்போது அதே காசைக் கேட்டு பத்து இடத்தில் கை நீளுகிறது. ஒன்று பாதிச் செய்தியைக் காட்டிவிட்டு மீதிக்குச் சந்தா கேட்கிறது. இன்னொன்று முழுசையும் படிக்கவிட்டு, முடிந்ததைக் கொடுங்கள் என்கிறது. மூன்றாவது எதுவும் கேட்காமல், நாம் படிக்கிற பத்திக்கு நடுவே விளம்பரத்தை ஓடவிடுகிறது.

எதற்குக் கட்டலாம் என்று சொந்தபந்தத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு வருஷமாக மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பக்கம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் விடியுமுன்பே மூன்று பேப்பர் வந்து விழும். ஆறரைக்குள் அவை தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போய்விடும். “ரெண்டாம் பக்கத்த இங்கிட்டுத் தாங்கண்ணே” என்று ஒருவர் கேட்பார். கண் தெரியாத பெரியவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசிப்பார். அந்தச் சத்தத்துக்கு எதிர் பெஞ்சும் காது கொடுக்கும். காசு கொடுத்து வாங்கியவர் கடைக்கார அண்ணாச்சி ஒருவர்தான். மத்தியானத்துக்குள் அந்த மூன்று பேப்பரையும் படித்தவர்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். சாயந்திரம் அதே தாளில் வடை மடித்துக் கொடுப்பார்.

இணையச் சந்தாவில் இந்த பெஞ்சு கிடையாது. ஒரு மொபைல் எண், ஒரு ஓடிபி, ஒரு ஆள். வீட்டில் அப்பா படிக்க வேண்டுமென்றால்கூட நான் ஆபீஸில் இருந்து ஓடிபி சொல்ல வேண்டும். அதனால் ஒரு தளத்துக்குப் பணம் கட்டுமுன் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்தக் காசில் நான் மட்டும் படிக்கப் போகிறேனா, பெஞ்சு முழுக்கப் படிக்கப் போகிறதா? விலை, வசதி, ஆப் நன்றாக ஓடுகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

காசே கட்டாமல் படிப்பது

நம்மில் பெரும்பாலோர் இருப்பது இங்கேதான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, வேலையில்லாத பிள்ளையிடம் போய்ச் சந்தா கட்டு என்று யார் சொல்வது. ஆனால் இந்த இலவசம் எதில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்பட்டால் இவ்வளவு என்றுதான் தளத்துக்குக் கணக்கு. தமிழ்ப் பக்கத்துக்குக் கிடைக்கும் தொகை, அமெரிக்க ஆங்கிலப் பக்கத்துக்குக் கிடைப்பதன் பக்கத்திலேயே வராது. அதனால் எண்ணிக்கையை ஏற்றியாக வேண்டும். என் பள்ளித்தோழன் ஒருவன் ஒரு தளத்தின் டெஸ்க்கில் இரண்டு வருஷம் வேலை பார்த்தான். ஒரு ஷிஃப்டுக்குப் பன்னிரண்டு செய்தி போட வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்து போன் பேசி விசாரிக்க நேரம் கிடையாது. வேறொரு தளத்தில் வந்ததைப் பார்த்து, தலைப்பை மாற்றி, படத்தை மாற்றிப் போட வேண்டியதுதான். “நான் எழுதினதுல ஒரு ஆளுகிட்டக்கூட நான் நேர்ல பேசினதில்லடா” என்று அவன் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. எழுதத் தெரிந்தவன், ஊர் ஊராகப் போய்ச் செய்தி எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்த வேலைக்குப் போனவன் அவன்.

இந்த இலவசமும் நிலையாக நிற்கப் போவதில்லை. 2023 ஆகஸ்டில் கனடாவில் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் செய்தியையே மொத்தமாக நிறுத்திவிட்டன. செய்தி நிறுவனங்களுக்குப் பெரிய தளங்கள் பணம் தர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததுதான் காரணம். ஃபேஸ்புக் வழியே வரும் வாசகர்களை நம்பி இருந்த சின்ன ஊர்ப் பத்திரிகைகள் ஒரே மாதத்தில் தங்கள் வாசலை இழந்தன. கூகுள் தேடலில் இப்போது விடையே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமாக மேலே வந்து நிற்கிறது. இந்தியாவுக்கு அது 2024-ல் வந்தது. சுருக்கத்தைப் படித்தவர் கீழே இருக்கும் செய்தித் தளத்துக்குப் பெரும்பாலும் போவதில்லை. போகாத வாசகருக்கு விளம்பரமும் காட்ட முடியாது. அந்தச் சுருக்கம் எந்த நிருபரின் உழைப்பிலிருந்து எடுக்கப்பட்டதோ, அவருடைய சம்பளத்துக்கான வழி அங்கே அடைபடுகிறது. நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது வழக்குப் போட்டதும், ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் தங்கள் செய்தி இப்படிக் கேட்காமல் எடுக்கப்படுகிறது என்றுதான்.

யூடியூப் செய்தி சேனல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல நேர்காணல்கள் அங்கே வருகின்றன, நானும் பார்க்கிறேன். ஆனால் அங்கே பெரும்பகுதி செய்தியைப் பற்றிய பேச்சுதான். பேசுவதற்கு முதலில் யாராவது செய்தியைக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டுமே.

உண்மையிலேயே இலவசமாக, விளம்பரத் தொல்லையும் இல்லாமல் தமிழில் படிக்க வேண்டுமென்றால் பாரி தளத்தைச் சொல்வேன். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் ஆவணக் களஞ்சியம் அது. நெசவாளர், உப்பளத் தொழிலாளி, ஆடு மேய்ப்பவர் என்று யாரும் போய்ப் பேசாத ஆட்களிடம் போய்ப் பேசி, தமிழ் உட்பட பல மொழிகளில் தந்திருக்கிறது. நன்கொடையில் ஓடுகிறது. அன்றாடச் செய்தி அங்கே கிடைக்காது, கட்டுரைக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் அப்படி.

பெரிய பேப்பரின் சந்தா

தி இந்து 2019-ல் தன் இணையப் பக்கங்களுக்குச் சந்தா வைத்தது. அதன் பிறகு மற்ற ஆங்கில நாளிதழ்களும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் வந்தன. உலகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் நியூயார்க் டைம்ஸ். 2011 மார்ச்சில், மாதம் 20 கட்டுரை இலவசம், அதற்கு மேல் காசு என்று ஆரம்பித்தார்கள். மறு வருஷமே அந்த 20-ஐப் பத்தாகக் குறைத்தார்கள். 2023-ல் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது.

இதைப் பார்த்து “தமிழ்ப் பேப்பரும் இப்படிச் செய்தால் பிழைத்துக்கொள்ளுமே” என்று சொல்பவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கோடிப் பேரும் செய்திக்காக மட்டும் கட்டவில்லை. வேர்டில் என்ற சொல் விளையாட்டை 2022 ஜனவரியில் வாங்கினார்கள். அதே மாதம் தி அத்லெட்டிக் என்ற விளையாட்டுச் செய்தித் தளத்தை 55 கோடி டாலருக்கு வாங்கினார்கள். சமையல் குறிப்புக்கென்று தனிச் சந்தா இருக்கிறது. நியூயார்க்கில் நடக்கும் புலனாய்வுக்குச் சமையல் குறிப்பும் குறுக்கெழுத்தும் காசு கட்டுகின்றன. இரண்டாவது, அவர்களுக்கு உலகம் முழுக்க ஆங்கிலம் படிப்பவர்கள் எல்லோருமே வாடிக்கையாளர்கள். லண்டனில் தி சன் பத்திரிகை 2013 ஆகஸ்டில் தன் தளத்துக்குக் கட்டணம் வைத்து, 2015 நவம்பர் முடியும்போது எடுத்துவிட்டது. கோடிக்கணக்கில் வாசகர்கள் இருந்த பத்திரிகைதான் அதுவும். பக்கத்துத் தளத்தில் சும்மா கிடைப்பதற்கு யாரும் காசு கட்டுவதில்லை.

சரி, நமக்கு இதில் என்ன? ஆங்கிலப் பேப்பரின் இணையச் சந்தா யாருக்குச் சரிப்படும் என்றால், அன்றாடம் அதை வைத்து வேலை செய்பவர்களுக்கு. வக்கீல், ஆசிரியர், குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். என் அத்தை மகள் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்குப் பழைய இதழ்களைத் தேதி போட்டுத் தேட முடிவதும், தலையங்கத்தைச் சேமித்து வைக்க முடிவதுமே அந்தக் காசுக்குப் போதும். அப்படி வேலை எதுவும் இல்லாமல், நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு கட்டுரை படிக்கிறவர் கட்ட வேண்டாம். நூலகத்தில் அதே பேப்பர் தாளாகக் கிடக்கிறது.

ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. ஒரு பெரிய நாளிதழின் இணையச் சந்தாவை முதல் வருஷம் பாதிக்கும் குறைவான விலைக்கு எடுத்தேன். அடுத்த வருஷம் முழு விலை, மூன்று மடங்குக்குப் பக்கத்தில், தானாகவே கணக்கிலிருந்து போயிற்று. நிறுத்துவதற்கான பொத்தான் தளத்தில் எங்கே தேடியும் அகப்படவில்லை. மெயில் போட்டு, போன் போட்டு, பதினோரு நாள் ஆனது. சேர்வதற்கு ஒரு நிமிஷம், விலக பதினோரு நாள் என்றால் நம்பிக்கை போய்விடுகிறது. நம்பிக்கையை விற்கிற தொழிலில் இதைச் செய்யலாமா என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும். எனக்கும் வந்திருந்தது, பத்து விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவே. அதனால் இப்போதெல்லாம் யுபிஐயில்தான் கட்டுகிறேன். ஜிபே, போன்பே எதுவானாலும் உள்ளே ‘ஆட்டோபே’ என்ற இடத்தில் நாம் ஒப்புக்கொண்டவை எல்லாம் வரிசையாக இருக்கும். அங்கேயே நிறுத்திவிடலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. முடிந்தால் ஆட்டோபேயே வேண்டாம் என்று சொல்லி, ஒரு வருஷத்துக்கு ஒரே தடவையாகக் கட்டிவிடுங்கள்.

விகடன் மாதிரியான தமிழ்ச் சந்தா

தமிழில் இணையச் சந்தாவைத் தைரியமாக முயன்று பார்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியது விகடன். 1926-ல் தொடங்கிய ஆனந்த விகடன், ஜூனியர் விகடன், மற்ற இதழ்கள் எல்லாம் ஒரே சந்தாவில் ஆப்பில் கிடைக்கின்றன. துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கும் தமிழருக்கு இது பெரிய வரம். வாரம் தவறிக் கடைக்கு வரும் தாளுக்காக அவர்கள் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

உள்ளூரில் இருப்பவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் என்ற இணைய வார இதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் கைவிலங்கோடு திருப்பி அனுப்பப்பட்ட சமயம்; டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதாகப் படம். 15-ம் தேதி தளம் திறக்கவில்லை. அந்த ஒரு பக்கம் என்றில்லை, சமையல், ஆன்மிகம், விவசாயம் என்று எல்லாப் பக்கமும் முடங்கின. மார்ச் 6-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

விளம்பரக் காசை மட்டும் நம்பி இருக்கும் ஒரு தளம் மூன்று வாரம் மூடிக் கிடந்தால் அந்த மூன்று வார வருமானமும் போச்சு. முன்பே சந்தா கட்டிய வாசகர் அப்படிப் போய்விடுவதில்லை, திறக்கும்வரை காத்திருக்கிறார். எங்கள் பெரியப்பா தினமும் காலையில் அந்த ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னைக்கும் வரல” என்று சொல்லிப் போனை வைப்பார். கட்டிய காசு வீணாகிறதே என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்த பிறகு, சந்தாவை வெறும் கொடுக்கல் வாங்கலாக என்னால் நினைக்க முடியவில்லை.

குறை என்னவென்றால், பூட்டு பூட்டுதான். ஜூனியர் விகடனில் நம் மாவட்டத்து மணல் விவகாரம் வந்தால், யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அந்த ஊர்க்காரருக்கு அதைப் படிக்க முடியவில்லை. அவர் கடையில் தாளை வாங்கலாம். வாங்கினால் பெஞ்சுக்கும் கிடைக்கும்.

வாசகர் காசில் நடந்து, எல்லோருக்கும் திறந்திருப்பவை

என் மனசு இங்கேதான் சாய்கிறது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

2024 மார்ச் 14-ம் தேதி ராத்திரி தேர்தல் ஆணையம், கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வாங்கிய தேர்தல் பத்திரங்களின் பட்டியலை வெளியிட்டது. யார் வாங்கினார்கள் என்று ஒரு பிடிஎஃப், எந்தக் கட்சி பணமாக்கியது என்று இன்னொரு பிடிஎஃப். இரண்டும் நூற்றுக்கணக்கான பக்கம், இரண்டையும் இணைக்க எண் கிடையாது. பட்டியலில் முதலிடத்தில் இருந்தது கோவையை மையமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய். அந்தப் பெயரை அன்றைக்கே எல்லாத் தொலைக்காட்சியும் சொல்லிவிட்டன. ஆனால் அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தன. கேள்விப்படாத கம்பெனி, ஒற்றை அறை முகவரி, ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே வாங்கிய பத்திரம். ஒவ்வொன்றாகக் கம்பெனிப் பதிவேட்டில் தேடி, இயக்குநர் யார், எப்போது ரெய்டு நடந்தது, எப்போது பத்திரம் வாங்கினார்கள் என்று தேதி தேதியாக வைத்துப் பார்க்க வேண்டும். நியூஸ்லாண்ட்ரி, ஸ்க்ரோல், தி நியூஸ் மினிட் என்ற மூன்று இணையச் செய்தித் தளங்களும் தனியாக வேலை செய்யும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து அந்த வேலையைப் பங்குபோட்டுச் செய்தார்கள். இதில் ஒவ்வொன்றும் பெரிய நாளிதழின் ஒரு மாவட்டப் பதிப்பில் இருக்கும் ஆள் பலத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு சின்ன இடம்.

அந்தப் பட்டியலில் இருந்த கம்பெனிகளில் பல, நாட்டின் பெரிய விளம்பரதாரர்கள். விளம்பரத்தில் வாழும் பத்திரிகை அந்த வேலையைச் செய்யவே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை, செய்தவர்களும் உண்டு. ஆனால் செய்வதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இருக்கிறது. 2012-ல் தொடங்கிய நியூஸ்லாண்ட்ரிக்கு விளம்பரமே கிடையாது, அந்த யோசனைக்கு அங்கே இடமில்லை. குறிப்பிட்ட ஒரு விசாரணைக்கு இவ்வளவு தேவை என்று சொல்லி வாசகர்களிடம் தனியாக நிதி திரட்டும் பழக்கமும் அங்கே இருக்கிறது. பாட்காஸ்ட் மாதிரி சில விஷயங்கள் சந்தாதாரருக்கு மட்டும். செய்தியறிக்கைகளில் பெரும்பகுதி எல்லோருக்கும் திறந்திருக்கும். 2014-ல் பெங்களூரில் தொடங்கிய தி நியூஸ் மினிட், தென் மாநிலங்களுக்கென்றே இருப்பது. தூத்துக்குடி, சாத்தான்குளம், வேங்கைவயல் என்று டெல்லி ஒரு நாள் பார்த்துவிட்டு மறந்துவிடும் பெயர்கள் அவர்களுக்கு அன்றாட வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சந்தாவும் கொடுக்கிறார்கள்.

இதற்கு வெளியூர் உதாரணங்களும் உண்டு. பிரான்சில் மீடியாபார்ட் என்ற செய்தித் தளம் 2008 முதல் விளம்பரமே இல்லாமல் ஓடுகிறது. வரித் திருட்டைத் தடுக்க வேண்டிய பட்ஜெட் அமைச்சருக்கே சுவிஸ் வங்கியில் ரகசியக் கணக்கு இருந்தது என்று 2012 டிசம்பரில் எழுதினார்கள். மற்ற ஊடகங்கள் நம்பவில்லை, அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே மறுத்தார். அடுத்த மார்ச்சில் அவர் பதவி விலகினார், பிறகு ஒப்புக்கொண்டார். அந்த நாலு மாதமும் அந்த நிருபர்களுக்குச் சம்பளம் போட்டது சந்தாதாரர்கள். ஆனால் மீடியாபார்ட் முழுக்கப் பூட்டு போட்ட தளம். லண்டனின் கார்டியன் நாளிதழ் நேர் எதிர்: எதையும் பூட்டாமல் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் கேட்கிறது. பத்து லட்சம் பேருக்கு மேல் கொடுக்கிறார்கள். அதன் பின்னால் 1936-ல் அமைத்த ஸ்காட் டிரஸ்டின் பெரிய நிதி நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படி ஒரு அடித்தளம் இல்லாதவர் வெறும் நன்கொடையில் நிற்பது கஷ்டம்.

எனக்கு நெருக்கமானது மலேசியாகினி என்ற மலேசியச் செய்தித் தளம். 1999-ல் தொடங்கியது. 2021 பிப்ரவரி 19-ம் தேதி, வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டது. தளம் வாசகர்களிடம் கேட்டது. அன்று சாயந்திரத்துக்குள் முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. பல வருஷமாகச் சந்தா கட்டிப் பழகிய வாசகர்கள், கட்டாமல் படித்த வாசகர்கள் இருவருமே போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கடையைக் காப்பாற்றிய மாதிரிதான் எனக்கு அது படுகிறது.

ஆபத்தும் இங்கே இருக்கிறது, மறைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் நியூஸ்லாண்ட்ரி, நியூஸ்கிளிக் அலுவலகங்களில் வருமான வரித்துறை போய் நாள் முழுக்கச் சோதித்தது. 2025 ஜனவரியில் ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் என்ற புலனாய்வுக் குழுவின் லாப நோக்கற்ற அமைப்பு என்ற அந்தஸ்து ரத்தானது. பத்திரிகைத் தொழில் பொதுநலப் பணியாகாது என்பது அதற்குச் சொன்ன காரணம் என்று குழுவே வெளியிட்டது. நன்கொடைக்கு வரிவிலக்கு போய்விட்டால் பெரிய தொகை கொடுப்பவர்கள் தயங்குவார்கள். சின்னத் தொகை கொடுக்கும் ஆயிரம் பேர் இருந்தால் அந்த அடி அவ்வளவு ஆழமாக இறங்காது. 300 ரூபாய்க்காரர்கள் அங்கே தேவைப்படுவது அதனால்தான்.

தளமே மூடிப்போகும் ஆபத்தும் உண்டு. நெதர்லாந்தின் டி கரஸ்பாண்டென்ட் என்ற செய்தித் தளம் 2018-ல் ஆங்கிலப் பதிப்புக்காக உலகெங்கும் 26 லட்சம் டாலர் திரட்டியது. 2021 பிறக்கும்போது அந்தப் பதிப்பு இல்லை. எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் ‘ஆயுள் சந்தா’ மட்டும் எடுக்காதீர்கள். ஒரு வருஷம் கட்டுங்கள், பாருங்கள், மறுபடி கட்டுங்கள்.

கட்டுமுன் நான் ஒரு மாதம் சும்மா படித்துப் பார்ப்பேன். செய்தியில் எழுதியவர் பெயர் இருக்கிறதா, அவர் அந்த இடத்துக்குப் போயிருக்கிறாரா, தப்பாகப் போட்டால் கீழே திருத்தம் என்று சொல்கிறார்களா என்று பார்ப்பேன். மூன்றாவதுதான் என்னை அதிகம் இழுக்கும். திருத்தம் போடும் இடத்தில் பொறுப்பு இருக்கிறது.

மற்றவை, சுருக்கமாக

ஒரு கட்டுரைக்கு ஐந்து ரூபாய் என்று வாங்கினால் என்ன, யுபிஐ இருக்கும்போது அது சுலபம்தானே என்று பலர் கேட்கிறார்கள். நெதர்லாந்தில் பிளெண்டில் என்ற தளம் 2014-ல் அதையே செய்து பார்த்தது. 2019-ல் அந்த முறையை விட்டுவிட்டு மாதச் சந்தாவுக்குப் போனது. ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னால் ‘இதற்குக் காசு தகுமா’ என்று மனசு யோசிக்கிறது, யோசித்தால் வாங்குவதில்லை. தவிர, தலைப்பைப் பார்த்துத்தானே வாங்குவோம், மறுபடி தலைப்பு வியாபாரம்தான்.

பல இதழ்களை ஒரே கட்டணத்தில் தரும் மேக்ஸ்டர் மாதிரியான ஆப்புகள் நிறையப் படிப்பவருக்கு லாபம். பத்து இதழ் புரட்டுகிறவர் எடுக்கலாம். ஆனால் நம் காசில் எந்த இதழுக்கு எவ்வளவு போகிறது என்று நமக்குத் தெரியாது. எனக்கு அது முக்கியம் என்பதால் எடுக்கவில்லை.

அச்சுப் பேப்பரை விடச் சொல்லமாட்டேன். அச்சிடும் தாளுக்கே பத்தாத விலையில் நமக்கு வருகிறது, மீதியை விளம்பரம் கட்டுகிறது. அரசு விளம்பரமும் அதில் பெரிய பங்கு. அந்தச் சார்பு பக்கங்களில் தெரியும்போது தெரியும். ஆனாலும் ஓடிபி கேட்காது, ஜிஎஸ்டி இல்லை, வீட்டில் நாலு பேர் படிக்கலாம், வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு காசும் கொடுப்பார். எழுபது தாண்டிய பெற்றோர் இருக்கும் வீட்டில் இதை நிறுத்திவிட்டு ஆப் வாங்கிக் கொடுத்தால், அவர்கள் செய்தி படிப்பதையே நிறுத்திவிடுவார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பார்த்தேன்.

எங்கள் 3,600

இந்த ஜனவரியில் இப்படிப் பிரித்தோம். தமிழ் நாளிதழ் ஒன்று தாளாகவே தொடர்கிறது, அப்பாவுக்காகவும் தெருவுக்காகவும். அதற்கே பாதிக்கு மேல் போய்விடுகிறது. தென் மாநிலச் செய்திக்காகத் திறந்த தளம் ஒன்றுக்கு ஒரு வருஷச் சந்தா கட்டினோம். ஆங்கிலப் பேப்பருக்கு நூலகம். அத்தை மகளின் தேர்வுச் சந்தாவை அவள் அண்ணன் பார்த்துக்கொள்கிறான். மூன்று நாலு தளத்துக்கு நூறு நூறாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தோம் போன வருஷம். எதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை, எந்தத் தளத்துக்கும் அது பெரிய உதவியாகவும் இல்லை. ஒரே இடத்தில் கட்டியதும் அந்தத் தளத்தோடு ஒரு உறவு வந்துவிடுகிறது. செய்தியில் சந்தேகம் இருந்தால் ஆசிரியருக்கு எழுதுகிறேன், பதில் வருகிறது.

இதையெல்லாம் போக ஒரு 600 ரூபாய் டைரியில் அப்படியே நிற்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது.

எங்கள் ஊரில் பகுதி நேர நிருபராக ஒருவர் இருக்கிறார். இருபது வருஷமாக எழுதுகிறார். மாதச் சம்பளம் கிடையாது, அச்சானால் செய்திக்கு இவ்வளவு என்று வரும். விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். சொந்த பைக், சொந்த பெட்ரோல். தமிழ்நாட்டு நகராட்சிகளில் 2016 முதல் 2022 வரை கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து மன்றக் கூட்டங்கள் மறுபடி தொடங்கியபோது அவர் முதல் கூட்டத்துக்குக் குறிப்பேட்டோடு போனார். அந்த ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. எந்த வார்டில் எந்தத் தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, யாருக்கு எவ்வளவு ஏறும் என்று மூன்று நாள் அலைந்து எடுத்து அனுப்பினார். நாலு வரியில் வந்தது. அதே வாரம் அவர் அனுப்பிய, கிணற்றில் விழுந்த மாட்டை மீட்ட செய்தி படத்தோடு பெரிதாக வந்தது.

“எடம் இல்லன்னு சொல்லிட்டாங்க தம்பி. இணையத்துலயாவது போடுங்கன்னேன். லோக்கல் மேட்டருக்கு வியூஸ் வராதுன்னாங்க” என்றார். இப்போது மன்றக் கூட்டத்துக்கு அவர் எல்லா மாதமும் போவதில்லை. அவர் போகாத மாதம் அந்தக் கூட்டத்தில் என்ன டெண்டர் போனது என்று டீக்கடை பெஞ்சுக்குத் தெரிவதில்லை.

நியூயார்க்குக்குச் சந்தா கட்ட எனக்கு வழி இருக்கிறது, டெல்லிக்கு இருக்கிறது, பெங்களூருக்கு இருக்கிறது. எங்கள் நகராட்சிக் கூட்டத்துக்கு மாதாமாதம் ஒரு ஆளை அனுப்பி, அங்கே பேசியதைத் தமிழில் எழுதி, பூட்டு போடாமல் வெளியிடும் ஒரு இடத்துக்குக் கட்ட வழி இல்லை. தாலுகாவுக்கு ஐந்நூறு பேர் மாதம் 50 ரூபாய் போட்டால் 25,000 வருகிறது. ஒரு நிருபருக்குச் சம்பளமும் பெட்ரோலும் ஆகிவிடும். போன வாரம் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே, “மொதல்ல எழுதச் சொல்லுங்க. வார்டு வார்டா வந்துச்சுன்னா நம்ம கட பேருக்கு ரெண்டு போட்டுக்கங்க” என்றார். அன்றைக்கே அந்த நிருபரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு ரிட்டயர்டு வாத்தியார்களிடமும் ஒரு மருந்துக்கடைக்காரரிடமும் பேசியிருக்கிறேன். அடுத்த மன்றக் கூட்டம் மாதக் கடைசியில்.